பூட்டுனது யாரு?

கேள்வி: சார், திருப்பாதிரிப்புலியூர்ல சின்னதா ஒரு ஸ்டூடியோ வச்சிருக்கேன். கல்யாண போட்டோ இருக்குற எஸ்டி கார்டை லேப்டாப்ல சொருகுனா போட்டோ எல்லாம் தெரியுது, ஆனா எதையும் அழிக்கவும் முடியல, புதுசா போடவும் முடியல, ரைட் புரொடெக்டட்னு வருது. பக்கத்து கடைக்காரர் ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்ங்கறாரு. அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீங்க. ரைட்தான ஆகல, ரீட் ஆகுதுல்ல, மொதல்ல போட்டோ மொத்தத்தையும் லேப்டாப்புக்கு காப்பி எடுங்க, மீதிய அப்புறம் படிங்க.

எடுத்தாச்சா? இப்ப கார்டோட லேபிள் பக்கத்தை பாருங்க, இடது ஓரத்துல நகத்தால தள்ளுற மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் இருக்கும், அது கீழ எறங்கியிருந்தா பூட்டுன்னு அர்த்தம். இதுல ஒரு விஷயம், அந்த பிளாஸ்டிக்குக்கும் கார்டுக்குள்ள இருக்குற சிப்புக்கும் சம்பந்தமே கிடையாது. கார்டு ரீடர்தான் அதை தொட்டுப் பாத்து விண்டோஸுக்கு சொல்லுது, விண்டோஸ் அதை நம்பி எழுத மாட்டேங்குது. பிளாஸ்டிக் தேஞ்சு விழுந்துட்டாலும் அந்த எடம் காலியா இருக்கறதால பூட்டுன்னே எடுத்துக்கும், அங்க மெல்லிசா ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிப் பாருங்க.

அது சரியா இருந்தா அடுத்து விண்டோஸ். 2004ல வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ல இருந்தே ரெஜிஸ்ட்ரில, அதாவது விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ் எல்லாம் எழுதி வச்சிருக்குற எடத்துல, ரைட்புரொடெக்ட்னு ஒரு மதிப்பு இருக்கு, அதை 1 ஆக்குனா எந்த யூஎஸ்பி டிரைவை சொருகுனாலும் எழுத விடாது, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஃபைல் வெளிய போகக்கூடாதுன்னு வச்சிருப்பாங்க. அதனால வேற ஒரு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். அங்கயும் அதே கதைன்னா டிஸ்க்பார்ட்ல (கட்டளை டைப் பண்ணி டிஸ்க்கை கையாளுற விண்டோஸ் புரோகிராம்) கார்டை செலக்ட் பண்ணி 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' குடுங்க, டிஸ்க் நம்பரை மட்டும் சைஸை வச்சு ரெண்டு தடவ சரிபாருங்க, தப்பான டிஸ்க்ல கை வச்சிடக்கூடாது.

இதுக்கும் மசியலைன்னா பூட்டுனது கார்டேதான். ஃப்ளாஷ் மெமரி எழுதி எழுதி தேயும், கெட்டுப்போன எடத்துக்கு மாத்தா வச்சிருக்குற ஸ்பேர் தீந்துபோனா உள்ள மெமரியை நடத்துற சிப்பான கன்ட்ரோலர் இனிமே எழுத வேணாம்னு தானே நிறுத்திக்கும். உள்ளது போகாம இருக்க அது செய்யுற கடைசி வேலை அது. எங்க அக்கா பொண்ணு மஞ்சள் நீராட்டு வீடியோ இருந்த பென்டிரைவ் இப்படித்தான் ஆச்சு, காப்பி எடுக்காமலே ஒரு கடையில குடுத்து ஏதேதோ சாஃப்ட்வேர் போட்டு நோண்டுனாங்க, கடைசில டிரைவே தெரியாம போயிடுச்சு, அக்கா இன்னிக்கும் அதை சொல்லி வருத்தப்படும். அந்த கார்டை இனிமே எந்த கல்யாணத்துக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க.

கேள்வி: லாஸ்பேட்டை காலேஜ் ஸ்டூடன்ட் நான். லேப்டாப்ல விண்டோஸும் உபுண்டுவும் இருக்கு. உபுண்டுல டி டிரைவ் திறக்குது, ஆனா ரீட் ஒன்லி. டிஸ்க் போயிடுச்சா?

பதில்: டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்லப்பா, டி டிரைவ்ங்கற அந்த பார்ட்டிஷன் மட்டும்தான் பூட்டியிருக்கு. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் முழுசா அணையாம பாதித் தூக்கத்துல இருக்கும், அப்ப உபுண்டு எழுதுனா ரெண்டும் குழம்பி ஃபைல் கெடும்னுதான் எழுதாம ஒதுங்கிக்குது. ஷிஃப்ட்டை அமுக்கிப் புடிச்சுகிட்டே ஷட்டவுன் குடுத்துட்டு உபுண்டுக்கு போய்ப் பாரு. எழுத வந்துச்சுன்னா கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துடு.