பாடசாலையில் பிள்ளைகள் சேர்ந்து சுவரில் படம் வரைவதால் ஒற்றுமை வளருமா, இல்லை முகநூலில் போடத்தானா?

உங்கள் பிள்ளை சட்டையெல்லாம் பெயின்ற்றோடு வீடு வந்திருக்க வேண்டும். கோபம் நியாயம்தான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறவன் நான். பெரும்பாலும் முகநூலுக்குத்தான் நடக்கிறது, அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மண்டபச் சுவரில் 'எங்கள் பண்பாடு' வரையச் சொன்னார்கள். கோடு முழுக்க நானே போட்டுவிட்டேன். நேரமில்லை என்று வெளியில் சொன்னேன். உண்மையில் பிள்ளைகள் கோணலாக வரைந்துவிடுவார்களே என்ற பயம். இரணைமடுக் குளம், பனைகள், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குக் கடல்நீரில் எரியும் விளக்கு, மடு மாதா கோயில். சரி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

தரம் 7 பிள்ளை ஒருத்தி கேட்காமலே மூலையில் ஒரு பெண்ணை வரைந்துகொண்டிருந்தாள். தலையில் கயிறு, முதுகில் கூடை.

"என்ன பிள்ளை, கடகத்தை முதுகிலயா கட்டுறது?"

"எங்க அம்மாயி கொழுந்து பறிச்ச கூடை சேர்."

பக்கத்தில் நின்ற பெடியன், "அது மலைநாடு, இது வன்னிப் படம்" என்றான். அவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. "அம்மாயி எழுபத்தேழுல வந்தவ. நீ எப்ப வந்தனி?" பெடியனுக்கு வயது 12. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

1977 கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே நிறைய. இத்தனை வருடம் இடாப்புக் கூப்பிட்டும் அந்தக் கூடை என் ஞாபகத்தில் வரவில்லை. மூன்று பனைக்கு வெள்ளை அடித்து இடம் விட்டேன். உடனே சண்டை தொடங்கியது. ஒருவனுக்கு உழவு இயந்திரம் வேண்டும், ஒருத்திக்குத் தறப்பாள் கொட்டில் வேண்டும். மண்ணிறம் முடிந்துபோக, ஒருவன் வீதிக் கிரவலை அரித்து வெள்ளைப் பெயின்ற்றில் குழைத்து வந்தான். கொழுந்து பறிக்கிறவளின் கைக்கு அந்த நிறம்தான். கிட்டப் போனால் மணல் மணலாக இருக்கும்.

ஆகவே உங்கள் பிள்ளையிடம் 'என்ன வரைந்தாய்' என்று கேட்காதீர்கள், 'எதற்குச் சண்டை பிடித்தீர்கள்' என்று கேளுங்கள். சண்டையே நடக்கவில்லை என்றால் ஆசிரியர்தான் வரைந்திருப்பார்.

இதை அரசியல் என்று சொல்லிக்கொண்டு யாரும் வர வேண்டாம். ஒரு சுவரைப் பற்றித்தான் பேசுகிறேன். பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குப் பிடுங்குகிறார்களே, அதைப் பற்றி ஏன் இங்கே ஒருவரும் கேள்வி கேட்பதில்லை? அந்த வெள்ளைப் பெயின்ற் வாளியும் என் காசு.

திறப்பு விழாவன்று விருந்தினர் பெயர் போட்ட பதாகையைச் சரியாக அந்தக் கூடைக்கு மேல் கட்டியிருந்தார்கள். அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டினேன். அதற்கு இன்னும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.