செக் இன்ஜின் விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய பெட்ரோல் கார்களைப் பற்றியவை. காரின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதுகிறவர்கள், விளக்கு எரியும்போது காரின் கணினி பதிவுசெய்யும், ஸ்கேனர் காட்டிய பழுதுக் கோட் எண்ணை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எண் இல்லாத கடிதத்துக்கு ஊகமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கே: நேற்று முதல் செக் இன்ஜின் விளக்கு வருகிறது. இந்த நிலையில் மதுரையிலிருந்து சென்னை வரை ஓட்டலாமா?

விளக்கு நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நிலையாக எரிந்து, வண்டியின் இழுவையும் வெப்பமுள்ளும் வழக்கம்போல் இருந்தால் ஓட்டிச் சென்று, ஊர் சேர்ந்தபின் பார்க்கலாம். மின்னினால் அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும் என்பதால், வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி நிறுத்துவதே சரி.

கே: இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதிலிருந்து உதறுகிறது. கோட் பி0302.

எண்ணை எழுதியதற்கு நன்றி. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று பொருள். பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலைக் கழற்றி, பிளக் குழியில் தேங்கிய நீரை ஏர் அடித்து உலர்த்துங்கள். பிறகும் உதறினால் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் பழுது, மாறாவிட்டால் பிளக்கையும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

கே: கோட் படிக்க இணையத்தில் வாங்கிய ப்ளூடூத் கருவி என் 2006 மாடல் காருடன் இணையவில்லை. கருவி போலியா?

இருக்கலாம், ஆனால் காரின் வயதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் கார்களுக்கு ஓ.பி.டி.-2 என்ற பொதுவான பழுதறியும் முறை கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்கள் சிலவற்றில் அதே 16 பின் சாக்கெட் இருந்தாலும், உள்ளே நிறுவனத்தின் சொந்த முறையே இயங்கும். பல நிறுவன வண்டிகளையும் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குச் செல்லுங்கள்.

கே: பி0171 வந்தது. மெக்கானிக் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றி, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். இரண்டு வாரத்தில் விளக்கு மீண்டும் வந்துவிட்டது. சென்சார் டூப்ளிகேட் என்று இன்னொன்று மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

மாற்ற வேண்டாம். பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பதாகத் தெரிகிறது என்ற செய்தி; புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்ற தீர்ப்பு அன்று. செய்தியைக் கொண்டுவந்த சென்சாரையே கழற்றி எறியும் பழக்கத்தைக் குறித்து நான் பலமுறை எழுதிவிட்டேன், கடிதங்கள் குறைந்தபாடில்லை.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு சிறிய காரில் இதே கோட்டுக்காக, வேறோர் இடத்தில் இரண்டு சென்சார்களை மாற்றியிருந்தார்கள். செலவு ஏறத்தாழ 8,000 ரூபாய். காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சூடேறியதும் அடங்கியது. ஹீட் ஷீல்டை (வெப்பத் தடுப்புத் தகடு) எடுத்துப் பார்த்தபோது, மூட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்குக் கரிக்கோடு இருந்தது. அந்தக் கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, சற்றுத் தள்ளியிருந்த சென்சாரைத் தொட்டது. ஆக்ஸிஜன் அதிகம் என்று சென்சார் உண்மையைத்தான் சொன்னது. அதை நம்பி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க, மைலேஜ் விழுந்தது. சில நூறு ரூபாய் கேஸ்கெட்டில் வேலை முடிந்தது. உங்கள் வண்டியிலும் முதலில் கரிக்கோட்டைத் தேடச் சொல்லுங்கள். பிறகு வேக்குவம் ஹோஸ், பெட்ரோல் அழுத்தம், அடைபட்ட ஃபில்டர், இன்ஜெக்டர் என்று வரிசையாகப் போகலாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றியது இரண்டாவது தவறு. கோட் பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன வெப்பத்தில் ஓடியது என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் அதோடு அழிந்துவிட்டது. எண்ணைக் குறித்து, திரையைப் படம் எடுத்த பிறகே எதையும் அழிக்க வேண்டும்.

கே: பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்று காணொளியில் பார்த்தேன்; அணையவில்லை.

அது அமெரிக்கக் காருக்கான யோசனை. அங்கே டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்பதை வண்டியே சோதிக்கும்; நம் ஊர்ப் பழைய கார்கள் பெரும்பாலானவற்றில் அந்தச் சோதனை இல்லை. கோட்டைப் படியுங்கள்.

கே: பி0128 வருகிறது, மைலேஜும் குறைவு. வண்டி சூடாவதே இல்லை, அது நல்லதுதானே?

நல்லதன்று. இன்ஜின் உரிய சூட்டை எட்டவில்லை என்பதே பி0128; குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும். ஓவர்ஹீட்டுக்குப் பயந்து இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை யாரோ கழற்றி வீசியிருப்பார்கள். புதியது போடுங்கள்.

கே: எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிகிறது. இதுவும் செக் இன்ஜின்தானா? நான்கு நாளாக ஓட்டுகிறேன்.

இல்லை. அது ஆயில் பிரஷர் விளக்கு. அது எரிந்த அந்த நிமிடமே இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். கைப்புத்தகத்தின் முதல் சில பக்கங்களைக்கூடப் புரட்டாமல் நான்கு நாள் ஓட்டியவருக்கு, வண்டியை இனி இழுவை வாகனத்தில் கொண்டுசெல்லுங்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல!

கே: வாங்கவிருக்கும் பழைய காரில் செக் இன்ஜின் விளக்கு எப்போதுமே வந்ததில்லை என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறார்.

சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் பாருங்கள். விளக்கு எரிய வேண்டும். கிளப்பியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாவிட்டால் பல்பைக் கழற்றியோ மறைத்தோ இருக்கிறார்கள். வேறு கார் பாருங்கள்.

கே: விளக்கு எரிந்தபடியே புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அப்படியானால் பழுது இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. அந்தச் சோதனை, நிறுத்திய வண்டியின் சைலன்சரில் வரும் புகையை மட்டும் அளக்கிறது. மேட்டில் நான்கு பேரோடு ஏறும்போது வரும் மிஸ்ஃபயர் அதில் தெரியாது. எண்ணைக் குறித்து மறுபடி எழுதுங்கள்.