ஓஜிப்வே எழுத்தும் யூனிகோடும்: கேள்வி பதில்

கே: வட அமெரிக்கப் பழங்குடி மொழியான ஓஜிப்வேயின் அசையெழுத்துக்கு (அசைக்கு ஓர் எழுத்து) யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரத்தில், தனி இடம் உண்டா?

ப: தனியாக இல்லை. க்ரீ, இனுக்டிடுட் என்ற மற்றப் பழங்குடி மொழிகள், ஓஜிப்வே எல்லாம் கனடா அசையெழுத்து என்ற ஒரே தொகுதிக்குள் இருக்கின்றன. அந்தத் தொகுதி 1999-இல், யூனிகோடின் 3.0 பதிப்பில், 630 எழுத்துகளோடு வந்தது. 2009-இல் ஒரு நீட்சித் தொகுதி சேர்ந்தது. ஓஜிப்வேயில் அசையின் கடைசியில் வரும் சில மெய்களுக்கான குட்டி எழுத்துகள் அதில் உள்ளன.

கே: ஓர் எழுத்து எப்படி அமைகிறது?

ப: நான் காத்திருந்த கேள்வி. ஒரு முக்கோணம் வரையுங்கள். கூர்முனை கீழே பார்த்தால் ஏ, மேலே பார்த்தால் இ, வலப்பக்கம் ஒ, இடப்பக்கம் அ. முக்கோணத்தின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் பகர வரிசை: பே, பி, பொ, ப. வடிவம் மெய்யைச் சொல்லும், திசை உயிரைச் சொல்லும். ஜேம்ஸ் எவான்ஸ் என்ற மதபோதகர் 1840-இல் கனடாவின் மானிடோபாவில் உள்ள நார்வே ஹவுஸில் க்ரீ மொழிக்காக அச்சுக்குக் கொண்டுவந்த முறை இது. அதற்கு முன் அவர் ஒன்டாரியோவில் ஓஜிப்வே மக்களிடையே இருந்தவர்.

அந்த மக்கள் தங்களை அழைக்கும் பெயரையே எடுப்போம்: அனிஷினாபே. அசையெழுத்தில் 5 எழுத்து, 5 குறியெண் (யூனிகோடு கொடுக்கும் எண்), யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 15 பைட். தமிழில் அதே சொல்லுக்கு 9 குறியெண், 27 பைட்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடைசி 'பே' பார்வைக்கு ரோமன் 'வி' போலவே இருக்கும். கீபோர்டில் இல்லையே என்று 'வி'யைத் தட்டிவிடாதீர்கள். கண்ணுக்கு ஒன்றுதான், தேடினால் அந்தச் சொல் அகப்படாது.

கே: திரையில் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது.

ப: எழுத்துரு இல்லை. விண்டோஸ் என்றால் கடுகி எழுத்துரு, மற்றதற்கு நோட்டோ எழுத்துரு.

கே: பார்த்தீர்களா! அவர்களுக்கு அசைக்கு ஓர் எண், நமக்கு 'கி'க்கு இரண்டு எண். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும், 2010-இல் தமிழக அரசே ஏற்ற டேஸ்-16 முறையை யூனிகோடு எடுத்திருக்க வேண்டாமா?

ப: உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் ஒப்பீடு சரியில்லை. நம் 'கி'யில் ககரமும் கொக்கியும் கண்ணுக்கே தனித்தனி. அங்கே திசையை எழுத்திலிருந்து பிரித்து எடுக்க முடியாது.

கே: பைட் மிச்சமாகுமே?

ப: ஆகும். ஆனால் யூனிகோடு ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றாது. இத்தனை ஆண்டுகளாக எழுதியது எல்லாம் பழைய எண்ணில் இருக்கும்போது இன்னொரு வரிசை வந்தால், ஒரே சொல் இரண்டு விதமாகச் சேமிக்கப்படும். தேடல் உடையும். அசைக்கு ஓர் எண் என்பதிலும் வலி உண்டு. அனிஷினாபேயின் 'னா'வில் நெடிலைக் காட்டுவது மேலே ஒரு புள்ளி. பலர் அதைப் போடாமலே எழுதுவார்கள். புள்ளி வைத்ததும் வைக்காததும் வெவ்வேறு எண்கள், புள்ளியைக் கழற்றிப் பார்க்க யூனிகோடில் வழி கொடுக்கப்படவில்லை. தேடுபொறி எழுதுகிறவர் ஒவ்வொரு ஜோடிக்கும் கையால் அட்டவணை போட வேண்டும்.

கே: அப்படியானால் குறில் எழுத்தோடு எந்த எழுத்தோடும் ஒட்டும் பொதுவான இணைப்புப் புள்ளியைச் சேர்த்துவிடலாமா?

ப: வேண்டவே வேண்டாம். 'வி'க்குச் சொன்னதேதான். நெடிலுக்கென்று உள்ள எழுத்தையே இடுங்கள்.

கே: எனக்கும் பெட்டிதான் வருகிறது.

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: அமெரிக்காவின் மின்னசோட்டா ஓஜிப்வே பாடநூலில் இந்த எழுத்தே இல்லையே?

ப: அந்தப் பக்கம் இரட்டை உயிர் ரோமன் முறைதான் (நெடிலுக்கு ரோமன் உயிரெழுத்தை இரட்டிப்பது) வழக்கம். அசையெழுத்தை வடக்கு ஒன்டாரியோ, மானிடோபா பக்கம் பாருங்கள்.

கே: 'ம'வுக்கு ரோமன் 'எல்' போடலாமா? அப்படியே இருக்கிறது.

ப: கூடாது. 'வி'யும் கூடாது, 'எல்'லும் கூடாது. கனடா அசையெழுத்து விசைப்பலகையை நிறுவிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.