ஸ்கேன் எடுத்து வைத்தால் அப்பா திரும்பி வருவாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 'இன்னும் பத்து வருஷத்தில் மனித மூளையை அப்படியே கம்ப்யூட்டரில் ஓட்டிவிடுவார்கள். மாதாமாதம் எம்.ஆர்.ஐ. எடுத்துச் சேர்த்து வை, அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்' என்கிறான் வெளிநாட்டில் இருக்கும் தம்பி. பணமும் அனுப்புகிறானாம். எடுக்கலாமா?

- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரி, இந்தக் காரணத்துக்காக என்றால் வேண்டாம். தம்பியின் பாசம் புரிகிறது. ஆனால் அவர் நம்பும் பொருள் அந்தப் படங்களில் இல்லை.

எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு புள்ளி, மூளையில் ஏறக்குறைய ஒரு கன மில்லிமீட்டர். 2024-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து, வலிப்பு நோயாளி ஒருவரின் அறுவை சிகிச்சையில் எடுத்த அதே அளவு மூளைத் துணுக்கின் வரைபடத்தை வெளியிட்டன. அதற்குள் சுமார் 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள். ஸ்கேனில் இவ்வளவும் ஒரே ஒரு சாம்பல் புள்ளி! அந்தத் துணுக்கை 5,000-க்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக அறுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். சேர்ந்த தகவல் 1,400 டெராபைட். உயிரோடு இருப்பவரிடம் செய்கிற காரியமா இது? முழு மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள்.

சரி, முழு வரைபடமும் கிடைத்துவிட்டால் போதுமா? சி. எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு இருக்கிறது. அதற்கு மொத்தமே 302 நரம்பு செல்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் புழு செய்வதையெல்லாம் செய்யும் கம்ப்யூட்டர் புழுவை இன்றுவரை யாராலும் உருவாக்க முடியவில்லை. எந்த செல் எதோடு சேர்கிறது என்பதைத்தான் வரைபடம் காட்டும். ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு வலுவானது, எந்த ரசாயனம் அதை எப்போது மாற்றுகிறது என்பதைக் காட்டாது. உங்கள் அப்பாவின் நினைவுகள் பெரும்பாலும் அந்த வலுவில்தான் பதிந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பத்து வருஷக் கணக்கும் புதிதல்ல. சுவிட்சர்லாந்தில் எலி மூளையின் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஹென்றி மார்க்ரம் 2009-லேயே அதைச் சொன்னார். அவர் முன்னின்று கொண்டுவந்த ஐரோப்பிய மூளைத் திட்டம் 2013-ல் தொடங்கி 2023-ல் முடிந்தது. கம்ப்யூட்டரில் ஓடும் மனித மூளை வரவில்லை. ஆனால் அதில் பங்கேற்ற பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். வலிப்பு நோயாளியின் ஸ்கேனைக் கொண்டு அவருடைய மூளையின் மாதிரி வடிவம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் அமைத்து, வலிப்பு எங்கே கிளம்புகிறது என்று தேடுகிறார்கள். இறந்தவரை மீட்பதைவிட, இருப்பவருக்கு உதவும் இந்த வேலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

எனவே டாக்டர் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் எடுங்கள். அந்தப் பணத்தில் தம்பி டிக்கெட் போட்டு இந்த வருஷமே வந்து அப்பாவோடு இருக்கட்டும். பேங்க் கணக்கு, வீட்டுப் பத்திரம் பற்றியெல்லாம் அப்பா தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அப்புறம் முக்கியமாக, பி12, தைராய்டு சோதனைகள் செய்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் குறைபாடுகளாலும் மறதி வரும். அது மருந்தில் சரியாகவும் வாய்ப்பு உண்டு.