வீடு–மனை கேள்வி பதில்: சுரபாயாவில் குடியிருக்க, வாங்க, வாடகைக்கு விட

கிழக்கு ஜாவாவின் தலைநகரான சுரபாயா பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். ரூபியாத் தொகைகள் நம் கோடிக் கணக்கில் உள்ளன. அங்கே தரகர் ‘ஜுத்தா’ என்றால் பத்து லட்சம், ‘மில்யார்’ என்றால் நூறு கோடி.

கணவருக்கு ருங்குத் தொழிற்பேட்டைக்கு மாற்றல். இரண்டு வருடம் குடும்பத்தோடு இருக்கப் போகிறோம். வாடகை வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – வாசகி, திருப்பூர்

வேலை ருங்குத்தில் என்றால் ருங்குத், தெங்கிலிஸ், குனுங் அன்யார் பகுதிகளுக்குள்ளேயே தேடுங்கள். ஜுவாண்டா விமான நிலையமும் இந்தத் தெற்குப் பக்கம்தான். மேற்கு சுரபாயாவின் புதுக் குடியிருப்புகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் காலையில் நகரைக் குறுக்கே கடந்து வர வேண்டும்.

மாத வாடகை என்ற பழக்கம் தனி வீடுகளுக்கு அநேகமாக இல்லை. ஒரு வருடத் தொகையை மொத்தமாக முன்னால் கேட்பார்கள், இரண்டு வருடம் கேட்பவர்களும் உண்டு. ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாம் வருட வாடகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு நிலவரியை வீட்டுக்காரர் கட்ட வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

அடுத்து மின்சாரம். சாதாரண வீடுகளுக்கு 900, 1300, 2200 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) அளவுகளில் இணைப்பு இருக்கும். 1300 என்றால் உள்ளே 6 ஆம்பியர் பிரேக்கர்தான். ஒரு பி.கே. (குதிரைத்திறன்) ஏ.சி. ஓடும்போது 750 வாட் மிக்ஸியைப் போட்டால் விழுந்துவிடும். இட்லி, சட்னி வீடு என்றால் 2200க்குக் குறையாமல் பாருங்கள். 1300க்கும் 2200க்கும் யூனிட் கட்டணம் ஒன்றே, 1,444.70 ரூபியா. பெரிய இணைப்பு எடுத்தால் பில் ஏறும் என்று தரகர் சொன்னால் நம்ப வேண்டாம். 3500 வி.ஏ.வில் தொடங்கித்தான் 1,699.53க்குப் போகிறது. பெரும்பாலான மீட்டர்கள் முன்பணம் கட்டும் வகை: 20 இலக்க டோக்கன் எண்ணை வாங்கி மீட்டரில் அழுத்த வேண்டும். மாதக் கடைசியில் பில் வரும் பழைய வகை என்றால், பாக்கி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே வாடிக்கையாளர் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். அங்கே சுவரில் இரண்டு உருண்டைத் துளைப் பிளக்குகள்தான். நம் மூன்று முள் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் கனமான அடாப்டர் வேண்டும். மெல்லிய பயண அடாப்டர் கிரைண்டருக்கு உருகிப்போகும்.

தண்ணீர்: நகராட்சிக் குழாய்நீர் பிரந்தாஸ் ஆற்றின் கிளையான காலி சுரபாயாவிலிருந்து வருகிறது. குளிக்க, துவைக்க சரி. குடிக்கவும் சமைக்கவும் 19 லிட்டர் கேன். கிழக்குப் பகுதியில் ஆழ்துளை நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்கள் அதிகம், ஆகவே ‘கிணறு இருக்கிறது, குழாய் எதற்கு’ என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தரைமட்டம். சந்துச் சாலைக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை கல் பதித்து உயர்த்திக்கொண்டே போவார்கள். வீடு அங்கேயே நிற்கும். வாசற்படியிலிருந்து உள்ளே இறங்கினால் அந்த வீடு வேண்டாம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழை. தெருநீர் உள்ளே வருவது ஒரு பக்கம், கழிப்பறை பின்னோக்கிப் பொங்குவது இன்னொரு பக்கம். சாலையைவிட ஓரடி, ஒன்றரையடி உயரமாவது இருக்க வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

‘கொசோங்கான்’ என்று விளம்பரத்தில் இருந்தால் காலி வீடு. விளக்குகூட இருக்காது.

சந்தில் குடியேறிய மூன்றாம் நாளே ஒருவர் வந்து ஆவண நகலும் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? – வாசகர், சுரபாயா

அவர் ‘ஏர்தே’ தலைவர் என்றால் கொடுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். சில பத்து வீடுகள் சேர்ந்தது ஓர் ஏர்தே, பல ஏர்தே சேர்ந்தது ‘ஏர்வே’. ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது 1944இல் வந்த அமைப்பு இன்னும் நிற்கிறது. பணம் குப்பைக்கும் இரவுக் காவலுக்கும். உங்களுடைய தங்கும் அனுமதிக்கு ஏற்ப நகரக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று எடுக்க வேண்டும். அதற்கும் இவர் கடிதம் பெரும்பாலும் தேவைப்படும்.

ஊரிலிருந்து விருந்தாளி வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஏர்தே தலைவரிடம் சொல்லிவிடுங்கள். பல சந்துகளில் நுழைந்ததும் பைக்கை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், இரவில் குறுக்குக் கம்பியைப் பூட்டிவிடுவார்கள். சாவி யாரிடம் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். குளியலறைத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச்சோடு பெண்கள் வந்து பார்ப்பார்கள். டெங்குத் தடுப்பு வேலை அது, கோபப்பட வேண்டாம். ஞாயிறு துப்புரவுக்கு ஒரு மணி நேரமாவது தலைகாட்டுங்கள். வாடகைக்காரர் வராவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் தண்ணீர்க் குழாய் உடைந்த அன்று அந்த வித்தியாசம் தெரியும்.

இந்தோனேசிய நண்பர் பெயரில் வீடு வாங்கி, தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். பாதுகாப்பா? – வாசகர், சிங்கப்பூர்

இல்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் நிலச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ என்ற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. அதன் 26ஆம் பிரிவு இன்னும் கடுமை: நேராகவோ சுற்றிவளைத்தோ அந்த உரிமையை வெளிநாட்டவருக்கு மாற்றும் ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. நண்பர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்தால் வாரிசுகள் வருவார்கள், விவாகரத்தானால் மனைவி வருவார். உங்கள் தனி ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நீட்டினால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

நேர்வழி ‘ஹாக் பாக்காய்’, அதாவது பயன்பாட்டு உரிமை. தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் தன் பெயரிலேயே வாங்கலாம். 30 ஆண்டு, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. கிழக்கு ஜாவாவில் தனி வீட்டுக்கு 2022இன் அமைச்சக ஆணைப்படி குறைந்தபட்ச விலை 500 கோடி ரூபியா. குடும்பத்துக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டருக்குள். அடுக்குமாடிக்கு வரம்பு இதைவிடக் குறைவு. சந்து வீடு எதுவும் இந்த விலை வரம்பை எட்டாது. ஆகவே சிறு முதலீட்டாளருக்கு வாடகைதான் வழி.

இந்தோனேசியரை மணந்து இங்கேயே இருக்கிறேன். குபெங் பகுதியில் நல்ல வீடு ஒன்று பக்கத்து வீடுகளைவிட மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. ‘சூராத் ஈஜோ’ என்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, சுரபாயா

விலை குறைந்ததற்கான காரணத்தை அவர்களே சொல்லிவிட்டார்கள். சூராத் ஈஜோ என்பது பச்சை அட்டை போட்ட நிலப் பயன்பாட்டு அனுமதி. நிலம் சுரபாயா நகராட்சியின் சொத்து. டச்சுக் காலத்து நகராட்சி நிலங்கள் இதில் பெரும்பங்கு. குபெங், வொனோக்ரோமோ போன்ற நல்ல, பழைய பகுதிகளில்தான் இது நிறைய. குடியிருப்பவர் ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்டணம் கட்ட வேண்டும், நிலவரியும் தனியாக வரும். இந்த இரட்டைச் சுமையை எதிர்த்துப் பல வருடங்களாகப் போராட்டமும் வழக்கும் நடக்கின்றன. ‘சீக்கிரம் சான்றிதழாக மாறிவிடும்’ என்று விற்பவர் சொல்வதும் அத்தனை வருடப் பழைய வாக்குறுதிதான்.

நீங்கள் வாங்குவது கட்டடமும், நகராட்சி சம்மதித்தால் உங்கள் பெயருக்கு மாறும் அனுமதியும். நிலத்தை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் பெற முடியாது. நாளைக்கு உங்களிடம் வாங்குபவருக்கும் கடன் கிடைக்காது, ரொக்கம் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். முப்பது வருடம் அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள், விலை உண்மையிலேயே மலிவு, கட்டண பாக்கி இல்லை என்றால் யோசிக்கலாம். முதலீடாக என்றால் எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வெளிநாட்டவரை மணந்த இந்தோனேசியர், சொத்தைத் தனித்தனியாக வைக்கும் திருமண ஒப்பந்தம் இல்லாமல் ஹாக் மிலிக் வாங்கினால் அது இருவருக்கும் பொதுச் சொத்தாகக் கருதப்படும். ஒரு வருடத்துக்குள் கைமாற்ற வேண்டிய நிலை வரும். முன்பு இந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்பே எழுத வேண்டும். 2016 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்பளித்தது. நோட்டரி முன் எழுதி, திருமணம் பதிவான அலுவலகத்தில் அதையும் பதியுங்கள். வீடு பார்ப்பது அதற்கு அப்புறம்.

பிறகு ஹாக் மிலிக் வீடு கிடைத்தால் வரிசை இது. நிலப் பத்திர அதிகாரி (பேபேஆதே என்பார்கள்) மூலம் நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபாருங்கள்: அடமானம், முடக்கம், வழக்கு எதுவும் இருந்தால் அங்கே தெரியும். நில அமைச்சகத்தின் ‘செந்து தானாக்கு’ செயலியில் மனை வரைபடத்தில் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். ஐந்து வருட நிலவரி ரசீது கேளுங்கள். விற்பவரின் கணவரோ மனைவியோ கையெழுத்திட வேண்டும். பரம்பரை வீடு என்றால் எல்லா வாரிசுகளும். ஜகார்த்தாவில் இருக்கும் ஒரு தம்பி கையெழுத்துப் போடாமல் நின்றுபோன விற்பனைகள் ஏராளம். முழுப் பணத்தை ரசீதுக்கோ முன்ஒப்பந்தத்துக்கோ கொடுத்துவிடாதீர்கள். பணம் கைமாறுவது அந்த அதிகாரி முன்னால் விற்பனைப் பத்திரம் கையெழுத்தாகும் அன்று. அதிலிருந்து 7 வேலை நாளுக்குள் அவர் நில அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

செலவு: 100 கோடி ரூபியா வீடு என்று வையுங்கள். விற்பவருக்கு வருமான வரி 2.5 சதவீதம், 2.5 கோடி. வாங்குபவருக்கு 5 சதவீதம், ஆனால் வரியில்லாப் பகுதியைக் கழித்துவிட்டு. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கழிவான 8 கோடியை எடுத்தால் 92 கோடிக்கு 4.6 கோடி. பத்திர அதிகாரியின் கூலி 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பேரம் பேசலாம். விலையைக் குறைத்து எழுதி வரி மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். நகர வரி அலுவலகம் அக்கம்பக்க விலையை வைத்துத் திருப்பி அனுப்பினால் எல்லாம் நின்றுவிடும்.

மகள் ஜோக்ஜகார்த்தாவில் படிக்கிறாள். நாங்கள் இந்தோனேசியக் குடிமக்கள். அங்கே வீடு வாங்கினால் ஹாக் மிலிக் கிடைக்குமா? – வாசகர், மேடான்

மற்ற ஊர்களில் கிடைக்கும். ஜோக்ஜகார்த்தா தனிப் பிரதேசத்தில் 1975இன் ஓர் அறிவுறுத்தல் இன்னும் கடைப்பிடிக்கப்படுகிறது: மண்ணின் பூர்வீகத்தவர் அல்லாத வம்சாவளிக் குடிமக்களுக்கு ஹாக் மிலிக் தருவதில்லை. சீன வம்சாவளியினரிடம்தான் பெரும்பாலும் காட்டப்படுகிறது, ஆனால் அதன் வார்த்தைகள் அவர்களோடு நிற்கவில்லை. கட்டட உரிமையான ‘ஹாக் குனா பாங்குனான்’ கிடைக்கும். முன்பணம் கொடுக்கும் முன் உள்ளூர் நில அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள்.

என் மனைவி இந்தோனேசியர். அவர் பெயரில் மனை வாங்கி, மாணவர்களுக்கு 12 அறை ‘கோஸ்’ (வாடகை அறை விடுதி) கட்ட நினைக்கிறோம். மெடோக்கான் ஆயு பக்கம் மனை மலிவாக இருக்கிறது. – வாசகர், சிடோவார்ஜோ

குபெங் வீடு பற்றிய பதிலில் சொன்ன திருமண ஒப்பந்தம் உங்களுக்கும் வேண்டும். மனை மலிவானதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கிழக்குக் கடலோரத்தில் பெரும்பகுதி நகராட்சியின் பாதுகாப்பு மண்டலம். அதற்குள் விழும் மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது. மீன்குளத்தை மண்கொட்டித் துண்டு போட்டு விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். நகரத் திட்டச் சான்றை (எஸ்.கே.ஆர்.கே.) எடுத்து, வரைபடத்தில் மனை எந்தப் பயன்பாட்டு நிறத்தில் இருக்கிறது, சாலையிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்று பாருங்கள். இரண்டாவது காரணம் ‘பெத்தோக் டே’ என்ற பழைய வரிச் சீட்டு. 2021இன் அரசு ஒழுங்குமுறை இதைப் பதிவு செய்ய ஐந்து வருடம் கொடுத்தது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி வரைதான். அதற்குப் பிறகு அது உரிமைச் சான்று அல்ல, பதிவுக்கு ஒரு தடயம் மட்டுமே. சான்றிதழை விற்பவரே எடுத்துத் தரட்டும்.

மண் மென்களிமண். ‘சோந்திர்’ என்ற மண் உறுதிச் சோதனை செய்யாமல் இரண்டு மாடி போடாதீர்கள். கைத்துளையில் ஊற்றும் குட்டைத் தூண்கள் கெட்டித் தரையைத் தொடாமலே நின்றுவிடும். தண்ணீர்த்தொட்டி வைத்த மூலை முதலில் இறங்கி, அறைச் சுவர் கோணலாக விரிசல்விடும். அழுத்தி இறக்கும் காங்கிரீட் பைல் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள், மனையின் மலிவு அங்கேயே கரைந்துவிடலாம்.

அறை 3×3 மீட்டர் போதும், உள்ளேயே குளியலறை இருந்தால் வாடகை நன்றாக ஏறும். அரை பி.கே. ஏ.சி. 400 வாட் என்றால் பன்னிரண்டுக்கு 4,800. ஆளுக்கொரு ரைஸ் குக்கர் சேர்ந்தால் 5500 வி.ஏ. இணைப்பும் மாலையில் விழும். அதோடு பெரிய இணைப்புக்கு யூனிட் விலையும் கூடுதல். அறைக்கொரு தனி டோக்கன் மீட்டர் போட்டால் விழுவதும் இல்லை, யார் எவ்வளவு எரித்தார் என்ற சண்டையும் இல்லை.

கோஸ் வருமானத்துக்கு வீட்டு வாடகையின் 10 சதவீத வரி பொருந்தாது. சிறுதொழில் வரி: தனிநபருக்கு ஆண்டு வரவில் முதல் 50 கோடி ரூபியாவுக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் 0.5 சதவீதம். 12 அறைக்கு முதல் வரம்பைத் தாண்டுவதே அரிது.

கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கும், ஜூனுக்குள் அறை தயாராக இல்லாவிட்டால் அந்த வருடத்தில் பாதி போய்விடும். ஆண்கள் மட்டும் அல்லது பெண்கள் மட்டும் என்று வையுங்கள், கலப்பு விடுதிக்கு ஏர்தேயின் சம்மதம் எளிதில் வராது. பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு பைக். ஒன்றுக்கு முக்கால் மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் என்றாலே 18 சதுர மீட்டர், தள்ளித் திருப்ப வழி தனி. அந்த இடத்தை வரைபடத்தில் முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் அறைகளைப் பிரியுங்கள்.