போலி கிரிப்டோ தளத்தை அம்பலப்படுத்தினால் என் மீதே வழக்கு வருமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. தம்பி பேச்சைக் கேட்டு, பிரபல கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் போலவே இருந்த ஒரு தளத்தில் என் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் 1,80,000 ரூபாய் போட்டேன். எடுக்கப் போனால், "முதலில் 30% வரி கட்டுங்கள்" என்றார்கள். அப்புறம்தான் முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருப்பதைக் கவனித்தோம். லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது பெரியப்பா மகன். தளத்தையும் அவரையும் ஊரறியச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவதூறு வழக்கு வரும் என்கிறார்களே?

பதில்: தளத்தைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள். பெரியப்பா மகனைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

அதற்கு முன்னால், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. குரூப்பில் எழுதுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கச் சொல்வது அப்படிக் காத்திருக்காது. யுபிஐ பரிமாற்றத்தின் யுடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணை, கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்துவிடுங்கள். இன்னொன்று, அந்த "வரி"யைக் கட்டவே கட்டாதீர்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி உண்டுதான். ஆனால் அது நீங்கள் அரசுக்குக் கட்டுவது; பணத்தை விடுவிக்க யாரோ ஒருவர் கணக்குக்கு முன்கூட்டி அனுப்புவதல்ல. சட்டத்தில் இருக்கும் எண்ணையே தூண்டிலில் கோத்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

அடுத்தது ஆதாரம். தளம் எந்த நேரமும் மறைந்துவிடும். முகவரிப் பட்டை முழுசாகத் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சாட் எதையும் அழிக்காதீர்கள், அந்தப் போனை விற்காதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் தரவேண்டி வரும். இதெல்லாம் முடிந்த பிறகு அசல் எக்ஸ்சேஞ்சின் குறைதீர் அலுவலருக்கும், அந்த முகவரியைப் பதிந்து கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். தன் பெயர் கெடுகிறதே என்ற கவலை அசல்காரருக்கும் இருக்கும்.

இப்போது அவதூறுக்கு வருகிறேன். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-இல், பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறாகாது. உண்மை, பொது நன்மை, இரண்டுமே வேண்டும். அதனால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: "இந்த முகவரியில் இருப்பது இன்ன எக்ஸ்சேஞ்சின் போலி. இன்ன தேதியில் பணம் போட்டோம், திரும்பவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம்." அசல் எக்ஸ்சேஞ்சே ஏமாற்றியதாகத் தொனிக்கக் கூடாது. முகவரியில் புள்ளி வரும் இடத்தில் "புள்ளி" என்று எழுத்தில் போடுங்கள். இல்லையென்றால் எச்சரிக்கையைப் படிப்பவரே அதைத் தட்டி உள்ளே போய்விடுவார்.

பெரியப்பா மகனும் ஏமாந்தவராக இருக்கலாம், கமிஷன் வாங்கியவராகவும் இருக்கலாம். எது என்பது விசாரணையில்தான் தெரியும். இப்போதே திருடன் என்று எழுதினால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். லிங்க் வந்த செய்தியைத் தேதியோடு போலீசிடம் கொடுங்கள், போதும். தம்பி ஆத்திரத்தில் அந்தத் தளத்துக்குள் புகுந்து பார்க்கிறேன் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66 அவர் மேலேயே பாயும்.

மோசடிக்காரர்கள் மீது நியாய சன்ஹிதா 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பொருந்தும். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். ஆகவே ஊட்டி சைபர் கிரைம் நிலையத்துக்கு அனுப்பினால் அலைக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம். புகாரையே வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

முடக்கிய பணம் தானாகத் திரும்பும் என்று இருந்துவிடாதீர்கள். அதை விடுவிக்க மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டிவரலாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார், சட்ட உதவி எண் 15100-இல் கேளுங்கள். "பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று முன்பணம் கேட்டு யாராவது கூப்பிட்டால், அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.