வேண்டிய, கூடிய, முடிந்த: ஆங்கிலத்தில் எங்கே இடறுகிறோம்?

இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. 'நான் படிக்க வேண்டிய புத்தகம்' என்று தமிழில் பெயரெச்சத்தை முன்னால் வைத்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்துவிடும். அதன் பின்னால் தட், விச், ஹூ என்று ஒரு கொக்கி, அந்தக் கொக்கியில் கேன், மே, மஸ்ட், ஷுட் என ஏதாவது ஒரு மோடல் வினை, அதாவது முடியும், கூடும், வேண்டும் போன்ற பொருளைச் சேர்க்கும் துணைவினை. எந்த மோடல் என்பதில்தான் சிக்கல். ஆங்கில உதாரணங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

'சென்னையில் இருக்கக்கூடிய மருத்துவமனை' என்பதை 'எ ஹாஸ்பிடல் விச் கேன் பி இன் சென்னை' என்று மொழிபெயர்த்தேன். எடிட்டர் சிரித்துவிட்டார். என்ன தப்பு?

அந்த ஆங்கிலத்தைப் படிப்பவருக்கு, மருத்துவமனை சென்னையிலும் இருக்கலாம், சேலத்திலும் இருக்கலாம் என்று தோன்றும். சிரிக்காமல் என்ன செய்வார்?

பழி உங்கள் மேல் மட்டும் இல்லை. தொலைக்காட்சி நேரலையைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். 'இங்கே இருக்கக்கூடிய மக்கள்', 'நடைபெறக்கூடிய கூட்டம்', 'வந்திருக்கக்கூடிய தலைவர்கள்'. இந்தக் 'கூடிய'வில் பொருளே கிடையாது. செய்தியாளர் அடுத்த சொல்லைத் தேடும்வரை வாயில் போட்டு மெல்லும் சொல் அது. ஆகவே மொழிபெயர்க்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 'சென்னையில் உள்ள மருத்துவமனை' என்று மாற்றினால் பொருள் கெடுகிறதா? இல்லை. அப்படியானால் மோடலும் வேண்டாம், விச்சும் வேண்டாம். 'தி ஹாஸ்பிடல் இன் சென்னை' போதும்.

பொருளுள்ள 'கூடிய' வேறு. 'ஐந்நூறு பேர் உட்காரக்கூடிய மண்டபம்' என்றால் கொள்ளளவு, அதற்கு கேன்: 'எ ஹால் தட் கேன் சீட் ஃபைவ் ஹண்ட்ரட்'. 'தேர்தலில் தோற்கக்கூடிய வேட்பாளர்' என்றால் ஊகம், அதற்கு மே அல்லது மைட்: 'எ கேண்டிடேட் ஹூ மே லூஸ்'. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை வேலை? 'தோற்கலாம்' என்பதற்குத் தமிழில் பெயரெச்சம் இல்லை. தோற்ற, தோற்கிற, தோற்கும் எல்லாம் உண்டு, 'லாம்' மட்டும் பெயருக்கு முன்னால் வந்து நிற்காது. அதன் சுமையையும் 'கூடிய'தான் தூக்குகிறது.

இன்னொரு குழி. 'நம்பக்கூடிய ஆள்' என்பதை 'எ மேன் ஹூ கேன் டிரஸ்ட்' என்று எழுதாதீர்கள். அது அவர் மற்றவர்களை நம்புவதைச் சொல்லும். நாம்தானே நம்புகிறோம்? 'எ மேன் யூ கேன் டிரஸ்ட்'. தமிழ்ப் பெயரெச்சம் யார் செய்வது என்று சொல்லாமலே தப்பித்துவிடும். ஆங்கிலத்தில் மோடலுக்கு முன்னால் ஆளை நிறுத்தியாக வேண்டும்.

'என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன்': 'ஐ வில் கிவ் வாட்எவர் ஹெல்ப் ஐ குட்' சரியா? முடிந்த என்பது இறந்தகாலம்தானே?

உருவத்தில் இறந்தகாலம், பொருளில் இல்லை. உதவியை இனிமேல்தான் செய்யப்போகிறீர்கள். ஆகவே 'வாட்எவர் ஹெல்ப் ஐ கேன்'. நேற்றே செய்து முடித்துவிட்டீர்கள் என்றால் 'ஐ கேவ் வாட்எவர் ஹெல்ப் ஐ குட்' என்று எழுதலாம், அங்கே முதன்மை வினையே இறந்தகாலம்.

'தெரிந்த' என்பதும் இதே ஏமாற்று வேலையைச் செய்யும். 'நீச்சல் தெரிந்தவர்கள்' என்றால் 'பீப்பிள் ஹூ கேன் ஸ்விம்', இன்றைக்குத் தெரிந்தவர்கள். என் வகுப்பில் இதற்கு வருகிற விடை அநேகமாக 'ஹூ நோ டு ஸ்விம்' என்பதுதான். தெரியும் என்றதும் கை தானாக 'நோ' என்று எழுதிவிடுகிறது. நோ போட்டே தீருவேன் என்றால் 'நோ ஹவ் டு ஸ்விம்' என்று எழுதுங்கள். ஆனால் கேன் சின்னது, அழகானது.

'தி புக் விச் ஐ மஸ்ட் ரீட் இட்' என்பதில் கடைசி 'இட்' ஏன் கூடாது?

'நான் அதைப் படிக்க வேண்டிய புத்தகம்' என்று தமிழில் சொல்வீர்களா? அதே காரணம்தான். அந்த 'இட்' செய்ய வேண்டிய வேலையை 'விச்' செய்துவிட்டது.

ஒரு படிவத்தில் 'நிரப்ப வேண்டாத கட்டங்கள்' என்று இருந்ததை 'பாக்சஸ் தட் மஸ்ட் நாட் பி ஃபில்டு' என்று மாற்றினோம். விண்ணப்பதாரர்கள் குழம்பிவிட்டார்கள்.

குழம்பத்தான் செய்வார்கள். மஸ்ட் நாட் என்றால் 'நிரப்பக் கூடாத', தடை. நீங்கள் சொல்ல வந்தது 'நிரப்பத் தேவையில்லாத' என்பது என்றால் 'பாக்சஸ் தட் நீட் நாட் பி ஃபில்டு' அல்லது 'தட் டோன்ட் ஹேவ் டு பி ஃபில்டு'. மஸ்ட், ஹேவ் டு இரண்டும் உடன்பாட்டில் ஏறக்குறைய ஒன்று. 'நாட்' சேர்ந்ததும் ஒன்று தடையாகிறது, மற்றது விலக்கு. தமிழில் 'வேண்டாம்' இரண்டுக்கும் போகும். 'நீ வர வேண்டாம்' என்று அம்மா சொன்னால் அது கட்டளையா, சலுகையா என்பது அம்மாவின் குரலில்தான் இருக்கிறது. படிவத்துக்குக் குரல் ஏது?

'வேண்டிய' உடன்பாட்டில் வரும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். 'நீங்கள் பார்க்க வேண்டிய டாக்டர்' யோசனை என்றால் ஷுட். 'கட்ட வேண்டிய அபராதம்' கட்டாயம் என்றால் மஸ்ட் அல்லது ஹேவ் டு. 'எனக்கு வேண்டிய புத்தகம்' என்றால் மோடலே வராது, 'தி புக் ஐ வான்ட்'. 'அவர் நமக்கு வேண்டியவர்' என்பதை மொழிபெயர்க்க இலக்கணம் உதவாது, அதற்கு ஊர் உறவுமுறை தெரிய வேண்டும்.

'தி மேன் ஹூ இஸ் ஸ்டாண்டிங்' என்பதை 'தி மேன் ஸ்டாண்டிங்' என்று சுருக்குகிறோம். மோடல் இருந்தால் எப்படிச் சுருக்குவது?

மோடல்களுக்கு 'இங்' வடிவம் கிடையாது. கேனிங், மஸ்டிங் என்றெல்லாம் வராது. அதனால் ஆங்கிலம் 'டு'வைக் கொண்டு சுருக்குகிறது. 'புக்ஸ் தட் யூ ஷுட் ரீட்' என்பது 'புக்ஸ் டு ரீட்' ஆகும். 'எ பிளேஸ் வேர் வீ கேன் ஸ்டே' என்பது 'எ பிளேஸ் டு ஸ்டே'.

இதற்கு நல்ல உதாரணம் உங்கள் தெருவிலேயே தொங்குகிறது. வாசல் கேட்டில் கம்பி போட்டுக் கட்டிய 'டு லெட்' பலகை. 'லெட்' என்றால் வாடகைக்கு விடுவது. 'எ ஹவுஸ் தட் இஸ் டு பி லெட்' என்பதில் வீடு கண்ணெதிரே இருப்பதால் அதை விட்டுவிட்டு வாலை மட்டும் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. முதலில் ஷுட்டைச் சுருக்கினோம், அடுத்து கேனைச் சுருக்கினோம். இரண்டுக்கும் கிடைத்தது அதே 'டு'தான். அது நம் 'கூடிய', 'வேண்டிய' இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது. பேச்சுக்கு அது வசதி. ஆனால் 'டாக்குமென்ட்ஸ் டு சப்மிட்' என்று அலுவலகக் கடிதத்தில் எழுதினால் கட்டாயமா, விருப்பமா என்று யாராவது நிச்சயம் தொலைபேசியில் கேட்பார்கள். அங்கே மஸ்ட்டை விரித்தே எழுதுங்கள். அப்புறம், ஃபர்ஸ்ட், லாஸ்ட் போன்றவற்றுக்குப் பின்னால் வரும் 'டு'வில் மோடல் பொருள் இருக்க வேண்டியதில்லை. 'தி ஃபர்ஸ்ட் மேன் டு வாக் ஆன் தி மூன்' என்றால் நிலவில் முதலில் நடந்தவர். ஆர்ம்ஸ்ட்ராங் 1969 இல் நடந்தே முடித்துவிட்டார்.

'எனிஒன் ஹூ வில் கம் லேட் டுமாரோ வில் நாட் பி அலவுட்' என்று நோட்டீஸ் எழுதினேன். முதல் 'வில்'லை அடித்துவிட்டார்கள்.

சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். யார் என்று குறிப்பில்லாத 'எனிஒன்', 'ஹூஎவர்' வந்து, முதன்மை வாக்கியத்தில் வில் இருந்தால், உள்ளே சாதாரண நிகழ்காலம் போதும்: 'எனிஒன் ஹூ கம்ஸ் லேட்'. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 302 ஆவது பிரிவு 'ஹூஎவர் கமிட்ஸ் மர்டர் ஷால் பி பனிஷ்டு' என்றுதான் தொடங்கியது. கொலை இனிமேல் நடந்தாலும் 'கமிட்ஸ்'தான், தண்டனைக்கு மட்டும் 'ஷால்'. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 ஆவது பிரிவு வந்துவிட்டது. எண் மாறியது, வாக்கிய அமைப்பு மாறவில்லை.

உள்ளே 'வில்' நிற்கும் இடமும் உண்டு. 'ஐ நீட் சம்ஒன் ஹூ வில் லிசன்' என்றால் காது கொடுத்துக் கேட்கத் தயாராக இருக்கிற ஆள் வேண்டும் என்று பொருள். அது எதிர்காலம் அல்ல, மனசு.

'தி கேண்டிடேட் ஹூம் எவ்ரிஒன் திங்க்ஸ் மே வின்': ஹூம் சரிதானே?

இல்லை. 'எவ்ரிஒன் திங்க்ஸ்' என்பதைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் 'மே வின்'. ஜெயிக்கப்போவது வேட்பாளர், ஆகவே ஹூ. 'தி கேண்டிடேட் ஹூம் வீ ஷுட் எலக்ட்' வேறு கதை, அங்கே தேர்ந்தெடுப்பது நாம். இந்தத் தப்பைப் படித்தவர்கள்தான் அதிகம் செய்கிறார்கள். ஹூம் போட்டால் மரியாதை கூடும் என்று ஒரு நம்பிக்கை!

தவிர்த்திருக்கக்கூடிய விபத்து: 'மே ஹேவ் பீன் அவாய்டட்' என்று எழுதலாமா?

விபத்து நடந்துவிட்டது, எனவே 'குட் ஹேவ்' அல்லது 'மைட் ஹேவ்'. 'மே ஹேவ்' என்றால் ஒருவேளை நடக்காமலே போயிருக்கலாம் என்ற சந்தேகம் தொனிக்கும்.

ஒரு கட்டுரையில் ராமானுஜனைப் பற்றி 'தி கிளார்க் ஹூ வுட் பிகம் எ ஃபெல்லோ ஆஃப் தி ராயல் சொசைட்டி' என்று இருந்தது. அவர் உண்மையிலேயே ஆனவர்தானே, ஏன் வுட்?

வுட் என்றாலே கற்பனை என்று பள்ளியில் படித்ததன் விளைவு இது. 1912 இல் மெட்ராஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், 1918 இல் ஃபெல்லோ ஆனார். எழுதியவர் 1912 இல் போய் நின்றுகொண்டு முன்னால் பார்க்கிறார். 'பின்னாளில் ஃபெல்லோ ஆகப்போகிற குமாஸ்தா' என்று நாம் சொல்வது போல. 'வில் பிகம்' என்று எழுதினால் இன்றைக்கு நின்று பேசுவதாகிவிடும், அந்த ஆறு வருட இடைவெளி தெரியாது.

வழக்கத்தைச் சொல்லவும் இதே வுட் வரும். 'மை கிராண்ட்ஃபாதர், ஹூ வுட் டெல் அஸ் ஸ்டோரீஸ்' என்றால் அடிக்கடி கதை சொன்ன தாத்தா. எது எப்போது என்பதை சுற்றியுள்ள வாக்கியங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். நமக்கு அது பழக்கமான வேலைதான். 'தாத்தா கதை சொல்வார்' என்பது நாளைக்கும் ஆகும், அந்தக் காலத்துக்கும் ஆகும்.